இரண்டு காலும் நிலத்தில் ஊன்றட்டும்

வளரும் பிள்ளைக்கு அடுத்த மோட்டார் சைக்கிள் எது? ஜெயபுரத்திலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

பன்னிரண்டு வயதுப் பெடியனுக்கு அடுத்த மோட்டார் சைக்கிள் எது என்று ஜெயபுரத்தில் கேட்டால், பதில் பெரும்பாலும் வீட்டு முற்றத்திலேயே நிற்கிறது. அப்பாவின் ஸ்பிளெண்டர். நிலத்திலிருந்து அதன் சீற் 785 மில்லிமீற்றர் உயரம். எடை 112 கிலோ. ஏறப்போகிறவன் 40 கிலோ இருந்தால் அதிகம். சரிந்தால் தாங்க முடியாது, விழுந்தால் தூக்கவும் முடியாது. ஆனால் திறப்பு சுவரில் ஆணியில் தொங்குகிறது, கடைக்கு அவசரமாக யாரோ போகவேண்டியிருக்கிறது, அப்பா வயலில் நிற்கிறார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் எஞ்சின் பூட்டிய வாகனத்தில் முதன்முதல் ஏறுவது இப்படித்தான்.

சைக்கிளுக்கும் அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. அந்தப் படிக்கென்றே பிள்ளையின் கால் நீளத்துக்கும் கை அளவுக்கும் எடைக்கும் பார்த்து வண்டி செய்கிறார்கள். டேர்ட் பைக் என்றால் கொழும்புப் பணக்காரரின் விளையாட்டு என்று இங்கே பலர் ஒதுக்கிவிடுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிறவல் வீதியும் மணலும் வரம்பும் நிறைந்த ஊரில் பிள்ளை எப்படியும் ஒருநாள் ஓட்டத்தான் போகிறான். அவன் அளவான சிறிய வண்டியில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, வயல்வெளியில் பழகட்டும். ஏ 32 வீதியில் அப்பாவின் வண்டியோடு பழகுவதை விட அது ஆயிரம் மடங்கு நல்லது.

ஜெயபுரம் பூநகரிப் பிரதேசத்தில், முழங்காவிலுக்குக் கிட்ட இருக்கிறது. 1983 கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வடக்கே வந்த குடும்பங்கள் குடியேறிய ஊர். 2008 இல் சண்டை இந்தப் பக்கம் நெருங்கியபோது அந்த மக்கள் மறுபடியும் மூட்டை கட்டினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீதியும் இல்லை. பிறகு வந்தவற்றில் முதன்மையானது மோட்டார் சைக்கிள். லீசிங் கம்பனிகள் வடக்குக்குள் நுழைந்ததும், கையில் காசில்லாதவரும் மாதத் தவணைக்கு வண்டி எடுத்தார்கள். அந்தக் கடனின் கதை தனியாக எழுதவேண்டிய துயரம். ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு முழங்காவில், பெரிய அலுவலென்றால் கிளிநொச்சி, பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பொழுது போய்விடும் என்ற ஊரில் மோட்டார் சைக்கிளை யாரும் ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. ஆடும் மாடும் போல அதுவும் வீட்டின் பிழைப்புக்குள் வந்துவிட்டது. பிள்ளைகள் அதன் சத்தத்திலேயே வளர்கிறார்கள்.

எம்டி 90 இன் சொந்தக்காரர்கள்

வன்னியில் நாற்பத்தைந்து வயது தாண்டிய எவரிடமும் எம்டி 90 பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். ஜப்பானில் தபால்காரர்கள் ஓட்டித் தேய்த்த ஹொண்டா அது. பாவித்த வண்டியாக இலங்கைக்கு வந்து, வடக்கின் மணலிலும் குழியிலும் இன்னொரு ஆயுள் ஓடியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணில் படாதபோது, நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதற்கு கிளச் லீவர் கிடையாது. காலால் கியரை மிதித்தால் கிளச் தானாக விலகும், தானாகப் பிடிக்கும்.

இந்த ஏற்பாடு ஹொண்டா 1958 இல் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியோடு வந்தது. 1961 இல் தோக்கியோவின் புறநகரில் ஹொண்டா திறந்திருந்த தாமா டெக் என்ற கேளிக்கைப் பூங்காவில், பிள்ளைகள் ஏறி விளையாடுவதற்கென்று மிகச் சிறிய ஒரு மோட்டார் சைக்கிளைச் செய்து விட்டார்கள். கப் வண்டியின் எஞ்சின்தான் அதிலும். பிற்காலத்தில் மங்கி என்று பெயர் பெற்ற வரிசை அங்கிருந்துதான் கிளம்பியது. இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் பழகும் ஹொண்டா சி.ஆர்.எஃப். 50, சி.ஆர்.எஃப். 110 ஆகியவையும் அதே வழியில் வந்தவை. படுக்கையாக வைத்த ஒற்றைச் சிலிண்டர், தானியங்கி கிளச், காலால் கியர்.

ஆகவே பிள்ளைகளுக்கான டேர்ட் பைக் நமக்குப் புறத்தியான பொருள் ஆகாது. அதன் எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் முழங்காவிலிலும் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள். வண்டியைத் தெரிவு செய்யும்போது இதைப் பெரிய தகுதியாகக் கொள்ளவேண்டும் என்பது என் கருத்து. எவ்வளவு நல்ல வண்டியானாலும், அதன் ஒரு ஓயில் சீலுக்குக் கொழும்புக்கு ஆள் அனுப்பவேண்டுமானால், அந்த வண்டி மூன்றாம் மாதம் கோழி அடையும் இடமாகிவிடும்.

வண்டி சின்னதாகிவிட்டதை எப்படி அறிவது?

ஜெயபுரத்தில் நான் பார்த்த ஒரு பெடியனைச் சொல்கிறேன். தாய்மாமன் கொழும்பில் வாங்கி அனுப்பிய பழைய ஹொண்டா 50 சிசி வண்டியில் எட்டு வயதில் ஏறியவன். இப்போது பன்னிரண்டு. முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துக் காட்டினான். வளைவில் திரும்பும்போது முழங்கால் ஹான்டிலில் இடித்தது. இடிக்காமல் இருக்கப் பின்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் மட்கார்டில் இருந்தான். மூன்றாம் கியரில் அக்சிலேற்றரை முடியும்வரை முறுக்கியே வைத்திருந்தான். வாய்க்கால் மேட்டில் ஏறி இறங்கியபோது முன் சொக் அடிவரை அமிழ்ந்து ‘டக்’ என்று உலோகச் சத்தம் வந்தது.

“இன்னும் ரெண்டு வருசம் இதை வச்சு ஓட்டட்டும் எண்டுதான் பாத்தன் அண்ணை,” என்றார் தகப்பன். “முந்தநாள் வரம்பில ஏறி, முன்சில்லு அடிச்சு ஆளைத் தூக்கிப் போட்டிட்டுது.”

நெல் நிறுக்கும் தராசில் பெடியனை ஏற்றினோம். ஹெல்மெட்டோடும் சப்பாத்தோடும் 43 கிலோ. அந்த வண்டிக்குத் தயாரித்தவர்கள் குறித்திருக்கும் எல்லை 40 கிலோ. பெடியன் ஓட்டியதில் பிழை இல்லை, ஸ்பிரிங்கால் அவனை இனித் தாங்க முடியாது.

எடை எல்லை என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. யமஹா 1981 முதல் செய்துவரும் பி.டபிள்யூ. 50 என்ற குட்டி வண்டிக்கு அது வெறும் 25 கிலோ. சீற் உயரம் 475 மில்லிமீற்றர். கியரும் இல்லை, செயினும் இல்லை. நாலு, ஐந்து வயதுக்குச் செய்தது. அதில் பத்து வயதுப் பிள்ளையை ஏற்றி, “ஓடுது தானே” என்று விடுவது, எட்டாத வண்டியில் ஏற்றுவதற்குச் சமமான ஆபத்து. சின்ன வண்டியில் பெரிய பிள்ளை இருந்தால் பாரம் பின்சில்லின் மேல் விழும். முன்சில்லு லேசாகி, மேட்டில் தூக்கும்.

தகப்பனின் மனதில் மூன்று வண்டிகள் இருந்தன. பக்கத்து ஊரில் ஒருவர் விற்கிற ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. நீர்கொழும்புப் பக்கமிருந்து வந்த கவசாக்கி கே.எக்ஸ். 85. மலிவாகக் கிடைக்கும் சீன 125. மூன்றுக்கும் அவர் சொன்ன நியாயம் ஒன்றுதான்: “இவன் வளர்ந்திடுவான் தானே அண்ணை.”

பள்ளிக்கூடச் சீருடையைத் தைக்கும்போது கீழே இரண்டு அங்குலம் மடித்துத் தைக்கிறோம், அடுத்த வருடம் அவிழ்த்துவிடலாம் என்று. சீருடைக்கு அது நல்ல சிக்கனம். வண்டியில் அந்தச் சிக்கனம் செல்லாது, ஏனென்றால் பிள்ளை வளரும்வரை அந்த இரண்டு வருடமும் வண்டி அவனை விடப் பெரியதாகவே ஓடும். எக்ஸ்பல்ஸின் சீற் ஏறத்தாழ 825 மில்லிமீற்றர், எடை 150 கிலோவுக்கு மேல். நிற்பாட்டும்போது ஒரு பக்கம் சரிந்து ஒற்றைக் கால் நுனியில் நிற்கவேண்டும். அந்தக் கால் வைக்கும் இடத்தில் ஒரு குழி இருந்தால் வண்டி அவன் காலின் மேல் வரும். பயந்த பிள்ளை பிரேக்கை முழுக்கப் பிடிப்பான், அல்லது அக்சிலேற்றரைத் தவறுதலாக முறுக்குவான். அளவுக்கு மிஞ்சிய வண்டியில் பிள்ளை ஓட்டப் பழகுவதில்லை, விழாமல் தப்பத்தான் பழகுகிறான். அந்தப் பயத்தோடு வந்த பழக்கம் பெரியவனாகியும் போகாது.

எலும்பைப் பற்றியும் சொல்லவேண்டும். வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். முறிவு அந்தத் தட்டின் ஊடாகப் போனால், கால் கோணலாகவோ கட்டையாகவோ வளர இடமுண்டு. 112 கிலோ வண்டி கணுக்காலில் விழுந்த பிறகு “பெடியன் தானே, பொருந்திவிடும்” என்று இருந்துவிட முடியாது.

முற்றத்திலேயே செய்யக்கூடிய சோதனை

சீற் உயரத்தைக் கடைக்காரர் சொல்லுவார். பிள்ளையின் உட்கால் அளவை நாங்கள்தான் எடுக்கவேண்டும். சுவரோடு நிற்கவைத்து, கால்களுக்கு நடுவில் ஒரு தடித்த கொப்பியை மேலே முட்டும்வரை வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து நிலம்வரை அளந்தால் போதும். புதிதாகப் பழகுபவருக்கு சீற் அந்த அளவைத் தாண்டக்கூடாது. இரண்டு பாதமும் நிலத்தில் நன்றாக ஊன்றவேண்டும். ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டிய பிள்ளைக்குச் சில சென்ரிமீற்றர் கூடலாம். ஏறியிருந்ததும் ஸ்பிரிங் அமிழ்வதால் இரண்டு காலின் முன்பாதமும் படும். இதற்கு மேல் விட்டுக்கொடுக்க நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அடுத்து, மிதிகட்டையில் எழும்பி நிற்கச் சொல்லுங்கள். மண்ணில் ஓட்டுபவர் பாதி நேரம் நின்றுதான் ஓட்டுவார். முழங்கால் கொஞ்சம் மடிந்து, முதுகு அதிகம் வளையாமல் ஹான்டில் கைக்கு வரவேண்டும். பிறகு கைப்பிடியை விடாமல் இரண்டு விரலால் முன் பிரேக் எட்டுகிறதா என்று பாருங்கள். லீவரைக் கிட்டக் கொண்டுவரப் பல வண்டிகளில் சிறிய ஸ்குரூ ஒன்று உண்டு. அதைத் திருப்பியும் எட்டாவிட்டால் அந்த வண்டி அவனுக்கு இல்லை.

கடைசிச் சோதனையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்புகிறேன். பெற்றோல் குழாயைப் பூட்டி, வண்டியைப் புல்லில் மெதுவாகச் சரித்துக் கிடத்துங்கள். யாரும் கை கொடுக்காமல் பிள்ளை அதை நிமிர்த்தவேண்டும். அந்தப் பெடியனை நாங்கள் இப்படித்தான் சோதித்தோம். கராச்சில் நின்ற ஒரு பழைய யமஹா ரி.ரி.ஆர். 110 ஐச் சரித்துவிட்டோம். முதலில் ஹான்டிலைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. கராச்காரர் சொல்லிக்கொடுத்தார்: “தம்பி, முன்சில்லை மேல் பக்கமாத் திருப்பு. மற்றக் கையைச் சீற்றுக்குக் கீழ குடு. முதுகை வளைக்காத, காலால எழும்பு.” முகம் சிவந்து, பல்லைக் கடித்து, நிமிர்த்திவிட்டான். அதன் எடை 72 கிலோ. தகப்பனின் ஸ்பிளெண்டரைக் கிடத்தியபோது ஒரு சாணும் எழும்பவில்லை. தகப்பனுக்கு வாயால் விளக்க வேண்டியிருந்தது அதோடு முடிந்தது.

110 தான் என் தெரிவு

50 சிசி வண்டியைத் தாண்டிய, ஆனால் உயரம் இன்னும் வராத பிள்ளைக்கு 110 சிசி தானியங்கி கிளச் வண்டி போதும். யமஹா ரி.ரி.ஆர். 110 இன் சீற் 670 மில்லிமீற்றர், ஹொண்டா சி.ஆர்.எஃப். 110 இன் சீற் 658. இரண்டுக்கும் நாலு கியர். கிளச்சில் மனம் போகாததால் பிள்ளையின் கவனம் பார்வையிலும் பிரேக்கிலும் இருக்கும். குளிர்ந்த எஞ்சினை உதைத்துக் களைக்கத் தேவையில்லாமல் பட்டன் ஸ்டார்ட்டும் இருக்கிறது. ஓயில் ஒரு லீற்றருக்குள் அடங்கும். ஒழுங்காக ஓயில் மாற்றி, எயார் ஃபில்ரரைக் கழுவினால் பல வருடம் உழைக்கும். எங்கள் செம்மண் தூசிக்கு, அதிலும் சோளகம் வீசும் மாதங்களில், ஃபில்ரரை ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் பார்க்கவேண்டும்.

அதற்கு அடுத்த படி 125. ஹொண்டா சி.ஆர்.எஃப். 125 இரண்டு அளவில் வருகிறது. சின்னச் சில்லு வண்டிக்கு முன்னால் 17 அங்குலம், பின்னால் 14. சீற் ஏறத்தாழ 740 மில்லிமீற்றர். பெரிய சில்லு வண்டிக்கு 19, 16. சீற் 785. ஸ்பிளெண்டரின் உயரமேதான், ஆனால் எடை ஏறத்தாழ 90 கிலோ. யமஹா ரி.ரி.ஆர். 125 இன் பெரிய சில்லு வகை 805 வரை போகிறது. இங்கேதான் கையால் பிடிக்கும் கிளச் வருகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் பெடியள் ஒரு வருடத்தில் ஒன்பது, பத்துச் சென்ரிமீற்றர் கூட எகிறுவார்கள். ஆகவே அந்த எகிறலுக்கு முன்பே 125 வாங்கிவைக்கும் ஆசை வரும். பொறுக்கவேண்டும். அந்தச் சில மாதத்தில் 110 இல் அவன் கற்றுக்கொள்வது வீண்போகாது.

பந்தயத்துக்கென்று செய்த 65, 85 சிசி இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளை நம்மூர்ப் பிள்ளைக்கு வாங்காதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். கே.எக்ஸ். 65 இன் எடை 60 கிலோதான், 110 ஐ விட லேசு. அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதன் எஞ்சின் கீழ் வேகத்தில் தூங்குவதுபோல் இருந்து, ஒரு கட்டத்தில் திடீரென்று இழுத்துக்கொண்டு பாயும். ஆறு கியர். பெற்றோலோடு ஓயிலைச் சரியான விகிதத்தில் கலக்கவேண்டும், பிஸ்டனும் றிங்கும் குறித்த மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பந்தயத் தடமும் பயிற்றுநரும் உதிரிப்பாகக் கடையும் இருக்கும் இடத்தில் அவை நல்ல வண்டிகள். கே.எக்ஸ். 85 இன் சீற் 830 மில்லிமீற்றருக்கு மேல். உலக இளையோர் மோட்டோகுரொஸ் போட்டியில் 65 சிசி பிரிவு 12 வயதோடும், 85 சிசி பிரிவு 14 வயதோடும் முடிகிறது என்று காட்டி, “என்ர மகனுக்கும் அந்த வயது தானே” என்பார்கள். அந்தப் பிள்ளைகள் நாலைந்து வயதிலிருந்து ஓட்டுபவர்கள்.

சீன 125 களைப் பற்றி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசில்லாத தகப்பனுக்கு அதுதான் எட்டும். எஞ்சின் பெரும்பாலும் ஹொண்டாவின் அதே படுக்கை எஞ்சினின் பிரதி, பாகம் கிடைக்கும். பலவீனம் மற்ற இடங்களில்: வெல்டிங், சில்லுக் கம்பி, பெயரிங், பிரேக். வாங்கினால் முதல் நாளே எல்லா நட்டையும் இறுக்கி, ஒட்டிய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்புத் தென்பட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய வண்டிக்கும் யானை விலை வந்தது. ஆகவே வாங்குவது பெரும்பாலும் மூன்றாம், நாலாம் கை வண்டியாகத்தான் இருக்கும். ஸ்டாண்டில் ஏற்றி முன்சில்லைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், பெயரிங் தேய்ந்திருந்தால் கையில் தெரியும். ஹான்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் இடறினால் போல்றேஸ் போயிருக்கிறது. எஞ்சினை விற்பவர் நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால், ஆறும்வரை தேநீர் குடித்துக்கொண்டு காத்திருங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்.

சிறிய வண்டிகளில் இன்னொரு வசதி, அக்சிலேற்றரின் பக்கத்தில் இருக்கும் ஸ்குரூ. அதைத் திருகினால் பிள்ளை எவ்வளவு முறுக்கினாலும் குறித்த அளவுக்கு மேல் திறக்காது. முதல் மாதங்களில் அதைக் கட்டாயம் பாவியுங்கள்.

எங்கே ஓட்டுவது?

வேறு நாட்டுக் கையேடுகள் எதிலும் இல்லாத ஒரு பாடம் வன்னியில் இருக்கிறது. இங்கே வழியை விட்டு இறங்கக்கூடாது. கண்ணிவெடி அகற்றுபவர்கள் 2009 க்குப் பிறகு வருடக்கணக்கில் மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக இந்த மண்ணைத் துப்புரவாக்கியிருக்கிறார்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. ஆனாலும் பற்றைக்குள்ளும் பழைய மண் அணைகளிலும் பங்கர்க் குழிகளிலும் வெடிபொருள் இன்னும் இருக்கலாம். மண் அணையைப் பார்த்தால் பெடியனுக்கு ஏறிப் பாயத்தான் தோன்றும், டேர்ட் பைக் அதற்குத்தான் செய்ததுபோல் இருக்கும். அதை முதல் நாளிலேயே, வண்டியில் ஏறுமுன், தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். வருடாவருடம் உழுது விதைக்கும் வயல், வீட்டு வளவு, ஊரார் நடமாடும் வெளி. இவை மட்டும்தான். ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து பெரியவர்களிடமும் பொலிஸிலும் சொல்லவேண்டும். காட்டோரம் பொழுதுபட்டால் யானையும் வரும்.

நல்ல தடம் வயல்தான். காலபோக அறுவடை மாசி, பங்குனியில் முடிந்தால், நீர் கிடைத்துச் சிறுபோகம் செய்யும் காணிகள் போக மற்றவை ஆவணிவரை வெறுமனே கிடக்கும். சொந்தக்காரரிடம் கேட்டு, ஒட்டு வெட்டிய ஒரு துண்டைத் தெரிந்தெடுங்கள். களிமண் வெடிப்பில் சின்னச் சில்லு புதையும், அதனால் முதலில் நடந்து பாருங்கள். தேங்காய் மட்டையை வைத்து எட்டு வடிவில் தடம் போடலாம். மெதுவாக எட்டுப் போடுவது, குறித்த மட்டையில் சரியாக நிற்பாட்டுவது, நின்றபடி வரம்பைக் கடப்பது. இந்த மூன்றும் கை வந்தபிறகுதான் வேகம்.

பதிவில்லாத வண்டி வீதியில் இறங்கக்கூடாது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்குப் பதினெட்டு வயது வேண்டும். வீட்டிலிருந்து வயல்வரை உருட்டிக்கொண்டு போங்கள், அல்லது லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஹெல்மெட்டுக்கு மட்டும் வளர்ச்சிக்கு இடம் விடும் பேச்சே வேண்டாம். தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கன்னத் தோலும் சேர்ந்து அசையவேண்டும். அப்பாவின் ஹெல்மெட்டைத் துணி அடைத்துப் போட்டுக்கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன். அதைப் போடுவதும் ஒன்று, போடாததும் ஒன்று. கணுக்காலை மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, கையுறை. வெயிலுக்கு இது கஷ்டம்தான், அதனால் விடியலில் ஓட்டுங்கள். 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பதைப் பிள்ளையும் அறிந்திருக்கவேண்டும்.

பந்தயக் கனவு

அனுராதபுரத்தில் சாலியபுர கஜபா சுப்பர்குரொஸ், மின்னேரியாவில் கன்னர்ஸ் சுப்பர்குரொஸ் என்று நாட்டில் தடப் பந்தயங்கள் நடக்கின்றன. பெரும்பாலும் படைப்பிரிவுகளின் ஏற்பாட்டில், அவர்களின் தளங்களில். வன்னியிலிருந்து போகும் பிள்ளைக்கும் தாய் தகப்பனுக்கும் அந்த வாசல் எப்படித் தோன்றும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு பிள்ளை அதையும் தாண்டிப் போய் ஓட்ட விரும்பினால், அவனுக்கு என் ஆதரவு உண்டு.

ஆனால் அவசரம் வேண்டாம். 2024 ஏப்ரல் 21 இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகி ஏழு பேரைக் கொன்றது. அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். 2023 ஓகஸ்ட் 5 இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் பந்தயத்தில் ஓட்டிய பதின்மூன்று வயதுப் பெங்களூர்ப் பையன் ஒருவன் விழுந்து இறந்தான். திறமையானவன் என்று எல்லாரும் கொண்டாடிய பிள்ளை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் பதினாறு வயதுக்கு முன் நாலு சில்லு மணல் வண்டிகளே வேண்டாம் என்கிறது. அவர்கள் ஆஸ்பத்திரியில் கண்டதை வைத்துச் சொல்கிறார்கள், அதை நான் மதிக்கிறேன். இங்கே பிள்ளை பதினாறுவரை ஸ்பிளெண்டரைத் தொடாமல் இருப்பான் என்று யாராவது எனக்கு உறுதி தந்தால், நானும் அதையே சொல்வேன்.

இதுவரை பெடியன் பெடியன் என்றே எழுதிவந்தேன். வன்னியில் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் ஸ்கூட்டியில் போகும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் எங்கே பழகினார்கள்? பெரும்பாலும் வேலை கிடைத்த பிறகு, வீதியிலேயே. பெண்பிள்ளைகளுக்கு உயரம் பெடியளை விட இரண்டு வருடம் முந்தியே வருகிறது. பதினொரு வயதில் 110 இல் ஏற அவளுக்குத்தான் முதல் தகுதி. வீட்டில் ஒரு வண்டி இருந்தால் அக்காவும் தம்பியும் மாறி மாறி ஓட்டட்டும்.

அந்தப் பெடியனின் தகப்பன் 110 ஐ எடுப்பதென்று முடிவு செய்துவிட்டார், விலைதான் இன்னும் பேசி முடியவில்லை. ஒரு வீட்டுக்கு அது பெருந்தொகை, இரண்டு மூன்று வருடத்தில் அவனுக்கும் அது சிறுத்துவிடும். நான்கு வீடு சேர்ந்தால், அல்லது ஊர் விளையாட்டுக் கழகம் பொறுப்பெடுத்தால், கணக்கு மாறுகிறது. ஒரு 50, ஒரு 110, இரண்டு அளவில் ஹெல்மெட், அறுவடை முடிந்த ஒரு வயல், சனிக்கிழமை காலையில் பக்கத்தில் நிற்கப் பெரியவர் ஒருவர். வெளிநாட்டிலிருந்து கோயிலுக்கும் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கும் காசு அனுப்பும் எங்கள் உறவுகள் இதற்கும் அனுப்பலாம். திறப்பு அந்தப் பெரியவரின் கையில் இருக்கவேண்டும், வேறு எவரிடமும் கொடுக்கக்கூடாது.

வண்டியோடு ஒரு கொப்பியும் இருக்கட்டும். ஓயில் மாற்றிய நாள், செயின் இறுக்கிய நாள், ஃபில்ரர் கழுவிய நாள், எந்தப் பிள்ளை எப்போது விழுந்தது, ஏன் விழுந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் எடையும் உட்கால் அளவும். அந்தப் பெடியனின் பழைய 50 வண்டியை அவனுடைய சித்தப்பாவின் மகளுக்குக் கொடுக்கப்போகிறார்கள். அவளுக்கு ஏழு வயது. முன் சொக்கின் ஓயில் சீலை மாற்றிவிட்டுக் கொடுப்பதாகக் கராச்காரர் சொல்லியிருக்கிறார்.